மூன்றாவது கம்பமும் நூறு வாட்ஸ் பல்பும்

2019 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை 11.40 மணிக்கு, தபால் நிலையத் தெருவின் மூன்றாவது மின்கம்பத்தில் நியூட்ரல் கம்பி பிடியை விட்டது. அடுத்த ஒன்றரை நிமிடத்தில் அந்தத் தெருவில் நான்கு மின்விசிறிகள், இரண்டு தொலைக்காட்சிகள், ஒரு ஐஸ்கிரீம் பெட்டி, செல்போன் ரிப்பேர் கடையில் சார்ஜுக்குப் போட்டிருந்த ஏழு போன்கள், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஓர் இயந்திரம் ஆகியவை எரிந்தன.

மின்சார அலுவலகத்துப் பதிவேட்டில் இது "சிறு பழுது, சரிசெய்யப்பட்டது" என்று இருக்கிறது.

சரிசெய்தவர் லைன்மேன். ஏணி வைத்து ஏறி, விட்டுப்போன கம்பியைப் பழைய கம்பியோடு சேர்த்து நாலு முறுக்கு முறுக்கிவிட்டு இறங்கினார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "தற்காலிகமா போட்டிருக்கேன்" என்றார்.

பரிசோதனைக் கூடத்தை நடத்துபவள் வாசலில் நின்றிருந்தாள். தெருவில் எல்லாருக்கும் அவள் லேப் மேடம். "நிரந்தரமா எப்பங்க போடுவீங்க?" என்று கேட்டாள்.

"உலகத்துல எது மேடம் நிரந்தரம்?" என்று சொல்லிவிட்டு லைன்மேன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

நியூட்ரல் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை அன்றைக்குத்தான் தெரு முழுவதும் தெரிந்துகொண்டது. 230 வோல்ட் வரவேண்டிய கடையில் 350 வரும். பக்கத்துக் கடையில் 90 வரும். யாருக்கு எது என்பது அந்த நிமிடத்தில் யார் எதை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. லேப் மேடத்துக்கு 350 வந்தது. அவள் நம்பியிருந்த ஸ்டெபிலைசர் முந்நூறு வரை தாக்குப்பிடித்தது. அதற்கு மேல் தானும் எரிந்து, எரிவதற்கு முன் வந்ததையெல்லாம் உள்ளே அனுப்பியும் வைத்தது. யுபிஎஸ் அதைப் பின்பற்றியது.

இயந்திரம் பதினொரு வருடத்துப் பழசு. அரை மேசையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ரத்தக் குழாய்களை வட்டமாக அடுக்கி மூடியை மூடினால், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், ஈரல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எண்களாகத் துப்பும். ஒன்பது நாள் கழித்து நிறுவனத்து இன்ஜினியர் வெள்ளிநிறப் பையில் ஒரு சர்க்யூட் போர்டு கொண்டுவந்து மாட்டினார். மாட்டி முடித்ததும் பையை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

"இதைப் பத்திரமா வச்சுக்கங்க மேடம். ஞாபகார்த்தமா."

"எதுக்கு?"

"இதுதான் கடைசி போர்டு. இந்த மாடலை நிறுத்தி நாலு வருஷம் ஆச்சு. குடோன்ல தேடித் தூசு தட்டி எடுத்துட்டு வந்தேன். இன்னொரு தடவை எரிஞ்சா எனக்குப் போன் பண்ணாதீங்க. மூடியைத் திறந்து செடி வைங்க."

இயந்திரம் போனால் என்ன ஆகும் என்பதை லேப் மேடம் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கடைவீதியில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அப்படி ஆயிற்று. இப்போது அங்கே ரத்தம் எடுக்கிறார்கள், பெட்டியில் ஐஸ் போட்டு மதிய பஸ்ஸில் ஏற்றுகிறார்கள், முடிவு மறுநாள் பெரிய ஊரிலிருந்து வருகிறது. பெயர்ப்பலகையில் இன்னும் பரிசோதனைக் கூடம் என்றுதான் எழுதியிருக்கிறது. பதினான்கு வருடமாக ஒவ்வோர் அறிக்கையின் கீழும் தன் கையெழுத்தைப் போட்டவளுக்கு, பஸ்ஸில் பெட்டி ஏற்றும் வேலையை நினைத்தாலே கை கூசியது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். காதில் எப்போதும் டெஸ்டர் செருகியிருப்பதால் அவருக்கு டெஸ்டர் என்றே பெயர். வீட்டில் கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்வார்.

"ஒரு கருவி இருக்கு அக்கா. வோல்டேஜ் இருநூத்தி அறுபதைத் தாண்டினா கண் மூடித் திறக்கறதுக்குள்ள கட் பண்ணிடும். அதையும் புது யுபிஎஸ்ஸையும் ஆர்டர் போட்டுடலாம். ஆறு வாரம் ஆகும்."

"ஆறு வாரம் நான் கடையை மூடிட்டு என்ன பண்றது?"

டெஸ்டர் யோசித்தார். தன் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போட்டிருந்த பழைய ஸ்டெபிலைசரைக் கொண்டுவந்து வைத்தார். கரண்ட் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு காத்திருப்போர் கூடத்தின் சுவரில் ஒரு ஹோல்டர் அடித்து, நூறு வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை மாட்டினார்.

"இதான் அக்கா மீட்டர். கரண்ட் கூடினா இது பளீர்னு வெளுக்கும். குறைஞ்சா செவக்கும். வெளுத்தா பிளக்கைப் பிடுங்கிடணும். ஒருத்தர் பார்த்துட்டே இருக்கணும், அவ்வளவுதான்."

"நான் ரத்தம் எடுப்பேனா, பல்பைப் பார்ப்பேனா?"

"நான் பார்க்கறேன்" என்றது படிக்கட்டிலிருந்து ஒரு குரல்.

மாமியார். வீடு மாடியில். படிக்கட்டு பரிசோதனைக் கூடத்தின் பின்பக்கம் இறங்குகிறது. தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருடமும் அவருடைய வேலை, எதிரே பலகையில் எந்த விளக்கு எரிகிறது என்று பார்ப்பதும், வயரைச் செருகுவதும், உருவுவதும்தான்.

"அத்தை, உங்களுக்குக் கண் ஆபரேஷன் பண்ணி எட்டு மாசம்தான் ஆகுது."

"அதனாலதான் நல்லாத் தெரியுது."

ஜூன் 24, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாமியார் பணியில் சேர்ந்தார். சேர்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கஞ்சி போட்ட புடவை, கைக்கடிகாரம், நீளமான கணக்கு நோட்டு ஒன்று, நூல் கட்டிய பேனா. நாற்காலியைப் பல்புக்கு நேர் எதிரே போடச் சொன்னார். ஸ்டெபிலைசரின் பிளக்கில் டெஸ்டரை ஒரு நைலான் கயிறு கட்டச் சொன்னார்.

"சுவிட்ச் இருக்கேம்மா, தட்டினா போதுமே" என்றார் டெஸ்டர்.

"சுவிட்ச் உள்ள ஒட்டிக்கிட்டா? வயரை உருவினா உருவினதுதான்."

டெஸ்டர் மறுபேச்சில்லாமல் கட்டினார். சாக்கெட்டும் பழசு, சுண்டி இழுத்தால் பிளக் கையோடு வரும். மாமியார் கயிற்றின் மறுமுனையை நாற்காலியின் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டார். ஸ்டெபிலைசர் 'டக்' என்றது. அதைத் திரும்பிப் பார்த்து, "எங்க எக்ஸ்சேஞ்ச் ரிலே ரூம் சத்தம் மாதிரியே இருக்கு" என்றார்.

முதல் நாள் நான்கு முறை உருவினார்.

கரண்ட் நான்கு முறையும் ஒழுங்காகத்தான் இருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் இயந்திரம் சூடேறும்போதெல்லாம் பல்பு ஒரு தடவை மங்கும். சூடேறி முடித்ததும் பழைய வெளிச்சத்துக்கு வரும். அந்த வருகை மாமியார் கண்ணுக்கு வெளுப்பாகப் பட்டது. "கட்!" என்று ஒரு சத்தம், தரையில் பிளக் விழும் ஓசை, இயந்திரத்தின் விசிறி நின்றுபோகும் பெருமூச்சு. உள்ளே ஓடிக்கொண்டிருந்த பரிசோதனை அத்தனையும் போச்சு. குழாயில் ரத்தம் மிச்சம் இருந்தால் மறுபடி ஓட்டலாம். இல்லாவிட்டால் ஆளைக் கூப்பிட்டு மறுபடி ஊசி.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் மாதா மாதம் சர்க்கரை பார்க்க வருவார். ஊசியைக் கண்டால் கையை இழுத்துக்கொள்வார். அதனால் அவருடைய குழாயில் எப்போதும் மிச்சம் இருக்காது. அந்த வாரம் வெறும் வயிற்றோடு மூன்று நாள் வந்தார். மூன்றாம் நாள் மாமியார் கயிற்றைச் சுண்டியபோது அவர் எழுந்து சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"மேடம், உடம்புல மிச்சம் இருக்கறதை நானே வச்சுக்கறேன்."

"சார், ஒரே ஒரு தடவை…"

"சர்க்கரை எவ்வளவுன்னு தெரியாத காலத்துல சந்தோஷமாத்தான் இருந்தேன். இனிமேலும் அப்படியே இருந்துடறேன்."

அவர் போன பிறகு லேப் மேடம் மாமியாரிடம் வந்தாள். கோபத்தைக் குரலில் காட்டக் கூடாது என்று முடிவுசெய்துகொண்டு வந்ததால் குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

"அத்தை, பல்பு லேசா அசைஞ்சாலே பிடுங்கணும்னு இல்லை."

"எவ்வளவு அசைஞ்சா பிடுங்கணும்?"

"நல்லா வெளுத்தா."

"நல்லான்னா எவ்வளவு? எழுதிக் குடு."

எழுதிக்கொடுக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். மாமியார் நோட்டைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டார். அவர் எல்லாவற்றையும் குறிப்பார். அந்த நோட்டை வேறு யாரும் திறந்து பார்த்ததில்லை. ஜூலை ஆறாம் தேதி வரை, பன்னிரண்டு வேலை நாளில், பதினேழு முறை உருவியிருந்தார்.

ஜூலை எட்டாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து உருவுவது நின்றுபோனது.

முதல் நாள் லேப் மேடம் நம்பவில்லை. இரண்டாம் நாள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். மூன்றாம் நாள் ஓடவிட்ட பரிசோதனைகள் எல்லாம் ஒரே மூச்சில் முடிந்தன. மாமியார் அதே நாற்காலியில், அதே கயிற்றோடு உட்கார்ந்திருந்தார். முகத்தில் முன்பிருந்த நெற்றிச் சுருக்கம் இல்லை. சாயங்காலம் மகன் வந்து கேட்டான். அவன் கட்டடத்தின் முன்பக்கப் பாதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன்.

"கண் எரிச்சல் எப்படி இருக்கும்மா?"

"இப்ப இல்லை."

"கரண்ட்?"

"ஒழுங்கா வருது."

"பார்த்தியா?" என்று அவன் மனைவியைப் பார்த்தான். எதற்குப் பெருமைப்படுகிறான் என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை. லைன்மேன் வழியில் போகிறபோது நின்று, "நான் முறுக்கின முறுக்கு அப்படி" என்றார்.

ஜூலை 12, வெள்ளிக்கிழமை, மதியம். மாமியார் சாப்பிட மாடிக்குப் போயிருந்தார். கூடத்து மின்விசிறிக்குக் கண்டன்சர் மாற்ற வந்த டெஸ்டர், ஸ்டூலில் ஏறி நின்று விசிறியைக் கழற்றும்போது தற்செயலாகச் சுவரைப் பார்த்தார். பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கிப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"யார் அக்கா இந்த எல்இடியை மாட்டினது?"

"எந்த எல்இடி?"

"இதான். ஒன்பது வாட்ஸ். இது நூறு வோல்ட்லயும் இப்படித்தான் எரியும், முந்நூறு வோல்ட்லயும் இப்படித்தான் எரியும். உள்ள சின்ன சர்க்யூட் இருக்கு, அது பார்த்துக்கும். உலகமே பத்தி எரிஞ்சாலும் இது முகத்துல எதையும் காட்டாது. அம்மா இத்தனை நாளா இதையா பார்த்துட்டு இருக்காங்க?"

லேப் மேடம் அண்ணாந்து பார்த்தாள். பல்பு வெள்ளையாக, குளிர்ச்சியாக, எந்தக் கவலையும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. அவள் இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள். அது குழாய்களை ஒவ்வொன்றாகச் சுழற்றிக்கொண்டிருந்தது.

"நீங்க அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? எனக்கு வாயே கிடையாது" என்றார் டெஸ்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவள் நேரே கண்ணாடிக் கடைக்குப் போனாள். கணவன் ஒரு பிரேமுக்குத் திருகு போட்டுக்கொண்டிருந்தான்.

"பல்பை நீங்களா மாத்துனீங்க?"

"ஞாயித்துக்கிழமை மாத்தினேன். ஏன்? கண்ணுக்கு லென்ஸ் வச்சவங்களை நூறு வாட்ஸ் பல்பை எட்டு மணிநேரம் முறைச்சுப் பார்க்க வச்சிருக்கே. நான் கண்ணாடிக் கடைக்காரன். வர்றவன் போறவனுக்கெல்லாம் கண்ணைக் கூசவிடாதேன்னு சொல்றேன். என் அம்மாவுக்குச் சொல்ல வேண்டாமா? அதான் இதமான வெளிச்சமா பார்த்து வாங்கினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பல்பு மாத்தறதுக்கெல்லாமா சொல்லுவாங்க?"

"அது பல்பு இல்லைங்க. மீட்டர்."

விளக்கினாள். அவன் கையிலிருந்த திருகு கீழே விழுந்தது. அதைத் தேடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் மேசைக்கு அடியிலேயே இருந்தான்.

"சரி, பழையதையே மாட்டிடு" என்றான் அடியிலிருந்து.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து அன்று காலைதான் கடிதம் வந்திருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு தொழிலாளர்கள், வருடாந்தரப் பரிசோதனை, ஜூலை 20க்குள் அறிக்கை வேண்டும். குண்டு பல்பு எரிந்த பன்னிரண்டு நாளில் பதினேழு தடவை பிளக் விழுந்தது. இந்த பல்பு எரிந்த ஐந்து நாளில் ஒரு தடவை கூட விழவில்லை.

"இருபதாம் தேதி வரைக்கும் இருக்கட்டும்" என்றாள்.

"அதுக்குள்ள நியூட்ரல் விட்டுச்சுன்னா?"

"விடாது."

"எப்படிச் சொல்றே?"

"சொல்லலை. வேண்டிக்கறேன்."

"அம்மாகிட்ட?"

"நீங்க சொல்லுங்க."

"நீ சொல்லு. உன் லேப்."

"உங்க அம்மா."

இருவரும் சொல்லவில்லை. அன்று மாலையே அவள் கடைவீதியில் ஒரு நூறு வாட்ஸ் குண்டு பல்பு வாங்கினாள். அட்டை உறையோடு மேசை டிராயரில், ஊசிப் பெட்டிகளுக்குக் கீழே வைத்தாள்.

தொழிற்சாலைக்காரர்கள் நாளுக்கு நாற்பது பேராக வந்தார்கள். இயந்திரம் காலையிலிருந்து மாலை வரை நிற்காமல் ஓடியது. அந்த ஒரு வாரத்தில் லேப் மேடம் இளைத்தே போனாள். யாராவது நாற்காலியை இழுத்தால் திடுக்கிடுவாள். தலையைத் தூக்கி பல்பைப் பார்ப்பாள். அதைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை என்று நினைவுக்கு வரும், மறுபடி தலையைக் குனிந்துகொள்வாள். இப்படி ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. எதிரே மாமியார் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து அதே பல்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். எதையும் காட்டாத பல்பை ஒரு மனுஷி அவ்வளவு அக்கறையோடு பார்ப்பதைப் பார்க்க முடியாமல், தண்ணீர் வேண்டுமா அத்தை, காபி வேண்டுமா அத்தை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"என்ன, திடீர்னு உபசாரம் பலமா இருக்கு?" என்றார் மாமியார்.

"சும்மாதான் அத்தை."

"காபி வேண்டாம். டியூட்டி நேரத்துல குடிக்கறதில்லை."

இருபதாம் தேதி இருநூற்றுப் பன்னிரண்டு அறிக்கையும் போய்ச் சேர்ந்தது. அன்று மாலை பல்பை மாற்றுவதாக இருந்தது. ஆனால் மாற்றினால் ஏன் என்று கேட்பார். கேட்டால், இரண்டு வாரமாகச் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள் அத்தை, அதில் ஒரு வாரம் எனக்குத் தெரிந்தே உட்கார்ந்திருந்தீர்கள் என்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமை சொல்லலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை கூட்டம். செவ்வாய்க்கிழமை மாமியாருக்குத் தலைவலி. புதன்கிழமை மாமியார் நல்ல மனநிலையில் இருந்தார். அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள். கருவி வர இன்னும் பத்து நாள்தான் இருந்தது. பல்பு டிராயரிலேயே இருந்தது.

ஜூலை 26, வெள்ளிக்கிழமை, காலை. வங்கி மேலாளர் நான்கு வாரம் கழித்து மனம் மாறி வந்திருந்தார். காலில் ஒரு புண் ஆறவில்லை, மனைவி வைதிருக்கிறார்.

"அந்தம்மா இன்னும் உருவறாங்களா?" என்று வாசலிலேயே கேட்டார்.

"இல்லை சார். இப்ப எல்லாம் ஒழுங்கு."

இயந்திரத்தில் பதினான்கு குழாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் மேலாளரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து, கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடி, ஊசியை உள்ளே விட்டாள். இந்த முறை அவர் கையை இழுக்கவில்லை. ரத்தம் ஏற ஆரம்பித்தது.

அப்போது ஓரத்தில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற சின்ன இயந்திரத்தின் ரீங்காரம் மெல்ல உயர்ந்தது. ஒரே சுருதியில் பாடுகிறவர் திடீரென்று மேலே போனது மாதிரி. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். திரைக்கு மேலாகப் பல்பு தெரிந்தது. எப்போதும் போல எரிந்துகொண்டிருந்தது.

ஒரு கையில் ஊசி. மறு கையால் மேலாளரின் முழங்கையைப் பிடித்திருந்தாள். விடவும் முடியாது, எழவும் முடியாது. "அத்தை!" என்று கத்த வாயைத் திறந்தாள்.

"கட்!"

தரையில் பிளக் விழுந்தது. இயந்திரம் பெருமூச்சு விட்டு நின்றது.

அடுத்த நொடி கூடத்து மின்விசிறி ஹெலிகாப்டர் மாதிரி இரைந்தது. ரத்தம் சுழற்றும் இயந்திரம் 'பட்' என்று வெடித்துப் புகைவிட்டது. பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு சத்தமும், அதைத் தொடர்ந்து கடைக்காரர் யாருடைய பரம்பரையையோ விசாரிப்பதும் கேட்டது. டெஸ்டரின் ஸ்டெபிலைசர் பிளக் கழன்று சும்மா இருந்தது. சுவரிலிருந்த எல்இடி பல்பு கடைசிவரை ஒரே மாதிரி எரிந்து, தெரு முழுவதும் கரண்ட் போனபோது அதுவும் அணைந்தது.

மாமியார் கயிற்றை மெதுவாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினார்.

"என்ன மேடம்," என்றார் மேலாளர், ஊசி குத்திய கையோடு, "இதுவும் வீணா?"

"இல்லை சார். நிறைய எடுத்துட்டேன்."

மறுநாள் மின்சார அலுவலகத்திலிருந்து உதவிப் பொறியாளர் சேதத்தைக் குறிக்க வந்தார். தெருவில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரம் சொன்னார்கள். பத்தரை என்றார் ஐஸ்கிரீம் கடைக்காரர். பதினொன்று என்றார் ஜெராக்ஸ். பரிசோதனைக் கூடத்துக்கு வந்தபோது அவர் களைத்திருந்தார்.

"சரியான நேரம் யாருக்காவது தெரியுமா?"

மாமியார் நோட்டை நீட்டினார். பொறியாளர் நாற்காலியில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினார். லேப் மேடமும் கணவனும் பக்கத்தில் நின்றார்கள். பொறியாளருக்கு வாய்விட்டுப் படிக்கிற பழக்கம்.

"ஜூலை 26. காலை 10.52. மூன்று டக் தொடர்ச்சியாக. இணைப்பு துண்டிக்கப்பட்டது." நிமிர்ந்தார். "டக்னா என்னங்க?"

"ஸ்டெபிலைசர் சத்தம். ஒரு டக்னா பக்கத்துக் கடை. ரெண்டு டக்னா யாரோ மோட்டார் போடறாங்க. மூணு சேர்ந்து வந்தா ஆபத்து. ரெண்டு நாள் கேட்டாப் புரிஞ்சுடும்."

"நீங்க பல்பைப் பார்த்துட்டு இருந்ததா சொன்னாங்களே?"

"அது முதல்ல."

பொறியாளர் பின்னோக்கிப் புரட்டினார். "ஜூலை 8. காலை 9.05. பல்பு மாற்றப்பட்டுள்ளது. பணியில் இருப்பவருக்குத் தகவல் இல்லை. ஜெராக்ஸ் ஓடும்போது பழைய பல்பு மங்கும், இது மங்கவில்லை. எனவே இதைப் பார்த்துப் பயனில்லை. இன்று முதல் காதால் கண்காணிக்கப்படும்." ஒரு பக்கம் தள்ளினார். "ஜூலை 12. மதியம் 1.40. எலக்ட்ரீஷியன் பல்பைப் பற்றி மருமகளிடம் தெரிவித்தார். மருமகள் மகனிடம் தெரிவித்தாள். நடவடிக்கை இல்லை."

கணவன் கடைக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். யாரும் வந்திருக்கவில்லை.

"ஜூலை 13. நடவடிக்கை இல்லை. ஜூலை 15. நடவடிக்கை இல்லை. ஜூலை 16. நடவடிக்கை இல்லை. மருமகள் காபி வேண்டுமா என்று கேட்டாள்." பொறியாளர் நோட்டை மூடினார். "எங்க ஆபீஸ்ல கூட இவ்வளவு சுத்தமா எழுதறதில்லைங்க. நேரத்தை மட்டும் எடுத்துக்கறேன்."

அவர் போன பிறகு கூடத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். லேப் மேடம் டிராயரைத் திறந்து, ஊசிப் பெட்டிகளைத் தள்ளி, குண்டு பல்பை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"மன்னிச்சிடுங்க அத்தை."

"பன்னிரண்டாம் தேதியே வாங்கிட்டே போலிருக்கே" என்றார் மாமியார், பல்பின் அட்டை உறையில் செருகியிருந்த பில்லைப் பார்த்து.

"உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கே. படியில நின்னு கேட்டிருக்கீங்க. ஏன் அத்தை ஒரு வார்த்தை சொல்லலை?"

மாமியார் பேனாவின் நூலை நோட்டில் சுற்றினார்.

"ரெண்டு பேர் பேசறது காதுல விழுந்தா, நடுவுல பேசக் கூடாது. வெளியிலயும் சொல்லக் கூடாது. முப்பத்தொரு வருஷம் எனக்கு அதுதான் ரூல். எத்தனை கல்யாணம் நின்னதைக் கேட்டிருக்கேன் தெரியுமா? வாயைத் திறந்ததில்லை."

"இது வேற இல்லையா?"

"லைன் லைன்தான்." நோட்டைத் தட்டிக் காட்டி, "ஆனா எழுதி வைக்கலாம். எழுத வேண்டாம்னு யாரும் சொல்லலை" என்றார்.

"என் மேல கோபமா?"

"வேலை நேரத்துல இல்லை. ஆறு மணிக்கு மேல கேளு."

ஆறு மணிக்கு மேல் அவள் கேட்டாள். மாடியில் அரை மணிநேரம் நடந்த அந்தப் பேச்சில் பாதிக்கு மேல் பேசியவர் மாமியார். தெருவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மகனுக்குத் தனியாக ஒரு பத்து நிமிடம் கிடைத்தது.

ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை, கருவியும் யுபிஎஸ்ஸும் வந்தன. டெஸ்டர் சுவரில் பொருத்தி, 260 வோல்ட்டில் வெட்டும்படி வைத்து, மூன்று தடவை சோதித்துக் காட்டினார். மூன்று தடவையும் வெட்டியது. அது வெட்டும்போதும் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. மாமியார் அதைக் கேட்டுத் தலையசைத்தார். கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு நோட்டில், "பணி ஒப்படைக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 26 அன்று எடுத்த ரத்தத்தில் வங்கி மேலாளரின் சர்க்கரை 284 இருந்தது. அவர் மருந்தை மாற்றிக்கொண்டார். மூன்றாவது கம்பத்துக்குப் புது நியூட்ரல் கம்பி செப்டம்பர் 19 அன்று போடப்பட்டது. இயந்திரம் ஓடுகிறது.